சாரத்தின் ஒரு கால் ஆறு டன் தாங்குமா?

கேள்வி: 4 ஜூன், மாலை 6:12

48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. கனம், சாதாரண எஃகு பைப். லிஃப்ட்டுக்கு லிஃப்ட் (அதாவது சாரத்தோட ஒரு அடுக்கு) 2 மீட்டர், காலுக்குக் கால் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர், மொத்தம் 10 லிஃப்ட். மென்பொருளில் ஒரு காலை மட்டும் போட்டு பக்ளிங் சுமை, அதாவது பைப் பக்கவாட்டுல வளைஞ்சு மடங்குற சுமை, எடுத்தேன். 60 கிலோநியூட்டன். ஒரு காலுக்கு ஆறு டன்! மேலே ஏறப்போறது நாலு பேர், ரெண்டு சட்டி கலவை, கொஞ்சம் செங்கல். இதுக்கு ஏன் சாரத்தைச் சுவரோட பிணைக்க இத்தனை டை, மூலைவிட்டமா இத்தனை குறுக்குக் கட்டு? பைப்பை வீணாக்குறாங்கன்னுதான் தோணுது. தப்புன்னா எண்ணோட சொல்லுங்க.

பதில்: 4 ஜூன், இரவு 9:40

60 எங்கேருந்து வந்ததுன்னு கையால போட்டுப் பார்த்துட்டேன். அந்தப் பைப்போட பரப்பு 453 ச.மி.மீ., வளைவை எதிர்க்கிற நிலைமத் திருப்புத்திறன் 11.6 செ.மீ.⁴. எஃகோட மீள்குணகம் 210 கிகாபாஸ்கல். நீளக் கம்பி எந்தச் சுமையில வளையும்னு சொல்ற ஆய்லர் வாய்பாட்டுல நீளம் 2 மீட்டர்னு போட்டா சரியா 60. உங்க மென்பொருள் பொய் சொல்லலை.

ஆனா ஆய்லர் கணக்குல வர்ற பைப் ஊசி மாதிரி நேரானது. நம்ம பைப் லாரியிலேருந்து நூறு தடவை கீழே எறியப்பட்டது. அந்தக் கோணலையும் எஃகுக்குள்ள தங்கின தகைவையும் சேர்க்கிற வளைகோடு ஒண்ணு ஐரோப்பிய எஃகு விதியில இருக்கு. குளிர்நிலையில உருட்டின 235 மெகாபாஸ்கல் பைப்புக்கு அதைப் போட்டா 60 சுருங்கி 40 ஆகும். பொருளுக்கான பாதுகாப்பு எண் 1.1ஆல வகுத்தா 36. சுமைக்கான 1.5ஆலயும் வகுத்தா 24. ஆக ஒரு காலுக்கு 24 கிலோநியூட்டன்.

4 ஜூன், இரவு 11:05

சுமைப் பக்கமும் பார்த்துடலாம். சாரத்துக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 12811-1ல ஆறு சுமை வகுப்பு உண்டு: சதுர மீட்டருக்கு 0.75, 1.5, 2, 3, 4.5, 6 கிலோநியூட்டன். பூச்சு வேலைக்கு மூணாம் வகுப்பு, அதாவது 2, வச்சுக்கறேன். ஒரு காலுக்கு வர்ற தரை ஒரு சதுர மீட்டர். வேலை நடக்குற லிஃப்ட் முழுச் சுமை, அடுத்த தட்டுல பாதி, மொத்தம் 3. சாரத்தோட சொந்த எடை 10 லிஃப்ட்டுக்கும் சேர்த்து, பலகை ரெண்டு மூணு தட்டுல மட்டும் இருந்தா, 4லேருந்து 5க்குள்ள வரும். தாராளமா 5 வைப்போம். மொத்தம் 8.

24க்கு 8. நீங்க ஜெயிச்சிட்டீங்க. நான் தூங்கப் போறேன்.

5 ஜூன், காலை 6:20

தூக்கம் வரலை. நேத்து ராத்திரி எழுதினதுல ஒரு எண்ணைக் கேள்வி கேக்காம விட்டுட்டேன்.

அந்த 2 மீட்டர். யார் கொடுத்தது?

லிஃப்ட் உயரம் 2 மீட்டர்னு நீங்க சொன்னீங்க, நானும் அதையே பைப்போட நீளமா எடுத்துக்கிட்டேன். சுவரைப் பார்த்த திசையில கால் வளையாம பிடிக்கிறது டை. டை பெரும்பாலும் ஒண்ணு விட்டு ஒரு லிஃப்ட்ல வரும், அதாவது 4 மீட்டருக்கு ஒண்ணு. அப்போ வளையுற நீளம் 4. நீளம் ரெண்டு மடங்கானா சுமை பாதியாகாது, கால் பங்காகும். 60 இல்லை, 15. கோணலைச் சேர்த்தா 12.6. ரெண்டு வகுத்தலும் முடிஞ்சா 7.6.

தேவை 8. நேத்து ராத்திரி 24க்கு 8னு சொன்னவனே இப்போ 7.6க்கு 8ங்கறேன். பைப் அதே பைப்.

5 ஜூன், மதியம் 1:15

"நடு லிஃப்ட்ல லெட்ஜர் இருக்கே, டிரான்ஸம் இருக்கே, அது பிடிக்காதா?" இதே சந்தேகம் எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு. லெட்ஜர் சுவருக்கு இணையா ஓடுற படுக்கைப் பைப். டிரான்ஸம் உள்காலையும் வெளிக்காலையும் சேர்க்குது. ரெண்டு காலும் ஒரே பக்கம் சேர்ந்து வளைஞ்சா டிரான்ஸம் அதுங்ககூடவே போகும், யாரையும் தடுக்காது. வழுக்குற பாறையில ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்குற மாதிரி. எங்கேயாவது ஒருத்தர் மரத்தைப் பிடிச்சிருக்கணும்.

5 ஜூன், மதியம் 1:32

செங்கல் விஷயம் மறந்துட்டேன். "கொஞ்சம் செங்கல்" எவ்வளவு கொஞ்சம்? உங்க சாரத்துல நாலு காலுக்கு நடுவுல இருக்கிற ஒரு கண்ணியோட பலகைப் பரப்பு 2 சதுர மீட்டர், மூணாம் வகுப்புன்னா 4 கிலோநியூட்டன், ஏறக்குறைய 400 கிலோ. 3 கிலோ செங்கல் 150 அடுக்கினாலே 450. ஆளுக்கும் கலவைக்கும் இடமே இல்லை. 150 செங்கல் கண்ணுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், முழங்கால் உயரத்துக்குக்கூட வராது.

6 ஜூன், இரவு 10:30

இது கொஞ்சம் நீளம். சுவர்ப்பக்கம் பேசியாச்சு, இப்போ சுவரோட நீளத்துக்கு இணையா சாரம் சாய்ற திசை. இங்கேதான் மாடலிங் ஆளைக் கவுக்கும். நானும் கவுந்தவன்.

கால், லெட்ஜர், காலும் லெட்ஜரும் சேர்ற இடத்துல கிளாம்ப். குறுக்குக் கட்டு எதுவும் இல்லைன்னு வச்சுக்கோங்க. மென்பொருள்ல அந்தச் சேர்க்கையை என்னன்னு சொல்வீங்க? நாலு விதமா போட்டுப் பார்த்தேன்.

சேர்க்கை பக்கவாட்டுல நகரவே நகராதுன்னு சொன்னா, அதாவது எங்கேயோ ஒரு நல்ல குறுக்குக் கட்டு பிடிச்சிருக்குன்னு நம்பினா, பழைய 60.

குறுக்குக் கட்டு இல்லை, ஆனா கிளாம்ப் வெல்டிங் வச்ச மாதிரி இறுக்கம்னு போட்டா 35 கிட்ட. மென்பொருள் எதையும் சொல்லலைன்னா தானாவே எடுத்துக்கறது இதைத்தான். பாதிப் பேர் அறிக்கையில இருக்கிறதும் இதுதான்னு என் சந்தேகம்.

கிளாம்ப் உண்மையில இருக்கிற மாதிரி, சுழல் வில்லா, ரேடியனுக்கு 15 கிலோநியூட்டன்-மீட்டர் விறைப்போட போட்டா 6.2. சரியாத்தான் படிச்சீங்க, 6.2. அதுவும் ஆய்லர் பாணி எண், இன்னும் எதாலயும் வகுக்கலை. காலுக்கு வர்ற 8ஐ இது எட்டவே எட்டாது.

சேர்க்கை வெறும் கீல்னு போட்டா பூஜ்யம். மென்பொருள் சமன்பாட்டைத் தீர்க்கவே முடியலைன்னு கத்திட்டு நின்னுடும். கடுப்பா இருந்தாலும் அது மட்டும்தான் நாலுலயும் ஆளை எச்சரிக்கிற விடை.

60, 35, 6, 0. பைப்புல ஒரு மில்லிமீட்டர்கூட மாத்தலை. 6.2ஐ ஆய்லர்ல பின்னோக்கிப் போட்டா வளையுற நீளம் 6 மீட்டருக்கு மேல வருது. லிஃப்ட் உயரம் 2 மீட்டர், கால் தன்னை 6 மீட்டர் பைப்பா நினைச்சுக்குது.

7 ஜூன், காலை 7:05

15ங்கறது எங்கேருந்துன்னா, சோதனையில குறுக்குக் கிளாம்ப்பை, அதாவது ரெண்டு பைப்பைச் செங்கோணமா பிடிக்கிற கிளாம்ப்பை, திருகிப் பார்த்து எடுக்கிற விறைப்பு அந்த மாதிரி அளவுல இருக்கும். முதல்ல கொஞ்சம் விறைப்பு, அப்புறம் தளர்ச்சி. நேர்கோடே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க: 2 மீட்டர் பைப்போட விறைப்பை அதோட நீளத்தால வகுத்தா 12. கிளாம்ப்போட 15ம் அதே ஊர்க்காரர்தான். அதனால கிளாம்ப்பை "கீல்னு வச்சுக்கலாம்"னும் விட முடியாது, "வெல்டிங்னு வச்சுக்கலாம்"னும் விட முடியாது. நடுவுல நிக்குற ஆளு.

இந்த எண்ணெல்லாம் போல்ட்டை 50 நியூட்டன்-மீட்டர் இறுக்கினாத்தான். ஸ்பேனரை அரை சுத்து சுத்தி "ஓகே சார்"னு இறங்குறவர் எந்த விறைப்பைக் கொடுத்துட்டு வந்தார்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

7 ஜூன், காலை 7:20

இன்னொண்ணு. மாடல்ல கோடும் கோடும் ஒரே புள்ளியில சந்திக்கும். களத்துல பைப் பைப்புமேல உக்காந்திருக்கு, ரெண்டோட மையக்கோடும் ஒரு பைப் விட்டம் தள்ளி, சுமார் 50 மி.மீ. லெட்ஜர்லேருந்து 3 கிலோநியூட்டன் காலுக்கு இறங்கினா கூடவே 0.15 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்பமும் இறங்குது. சின்ன எண்தான். ஏற்கெனவே வளைஞ்ச காலுக்கு அதுவும் ஒரு சுமை.

8 ஜூன், இரவு 9:15

வெறும் எண்ணா பேசிட்டே இருக்கேன். நடந்ததைச் சொல்றேன்.

ஒரு கட்டடத்தோட வெளிப்பூச்சுக்கு நான் வரைஞ்ச சாரம். வரைபடத்துல ஒரு முகத்துக்கு 36 டை. 4 மீட்டருக்கு ஒண்ணு, அழகா, மாற்றி மாற்றி. பூச்சு பாதி முடிஞ்சப்போ போனேன். பலகைமேல நடக்கையில ஒரு இடத்துல கால் லேசா மிதக்குற மாதிரி இருந்துச்சு. கீழே இறங்கி, ஒரு வெளிக்காலோட அடியில மல்லாந்து படுத்து, ஒரு கண்ணை மூடிக்கிட்டு பைப்போட விளிம்பு வழியா மேலே பார்த்தேன். பைப் வில்லா இருந்துச்சு. தூக்குக் குண்டு விட்டு அளந்தோம், ஒரு இடத்துல 35 மி.மீ. வெளியே.

டை எண்ணினேன். 21.

15 எங்கே போச்சு? ஒரு இடத்துல டைப் பைப் கட்டுக்கம்பியில தொங்கிட்டு இருந்துச்சு. அது நுழைஞ்ச துளைமேல பூச்சு ஈரமா மினுங்குது, கரண்டி இழுத்த கோடுகூட காயலை. அதோட கிளாம்ப் கொத்தனாரோட கலவைச் சட்டிக்குள்ள கிடந்துச்சு. கோபப்பட்டேன். அவர் அமைதியா, "சார், இது இருந்தா எப்படிப் பூசுறது? காஞ்சதும் மாட்டிடலாம்னு இருந்தேன்"னார். அவர் வேலை சுவரை வழவழப்பாக்குறது. டை அங்கே எதுக்கு இருக்குன்னு அவர்கிட்ட யாரும் சொல்லலை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சுமையை இறக்கினோம், 35ல 20 திரும்பி வந்துச்சு. மிச்சம் 15 மி.மீ. அப்படியே நின்னுடுச்சு. அந்தப் பைப்புகளை ஒதுக்கிட்டோம்.

8 ஜூன், இரவு 9:50

இதை எழுதின பிறகு உறுத்துது. அங்கே ஒரே நேர்கோட்டுல அடுத்தடுத்து ரெண்டு டை போயிருந்துச்சு, அதனால சும்மா நின்ன நீளம் 12 மீட்டர். 5ஆம் தேதி காலையில எழுதின கணக்குப்படி 60ஐ 36ஆல வகுக்கணும்: 1.7 கிலோநியூட்டன். காலோட சொந்தப் பங்கே அதைவிட அதிகம். என் கணக்குப்படி சாரம் எப்பவோ விழுந்திருக்கணும். விழலை.

ஏன்னா பக்கத்துக் காலுக்கு டை இருந்துச்சு. லெட்ஜரும் பலகையும் படுக்கைவாட்டுல வளைஞ்சு கொடுத்து பக்கத்து டைக்குச் சுமையைக் கடத்தியிருக்கு. டிரான்ஸம் கிளாம்ப்பும் கொஞ்சம் விறைச்சு நின்னிருக்கு. அதனால தனிக்கால் கணக்கு ரெண்டு பக்கமும் பொய் சொல்லும். டை இருக்குன்னு நம்பினா பெருசா சொல்லும், இல்லைன்னா ரொம்பச் சின்னதா சொல்லும். மொத்தச் சாரத்தையும் முப்பரிமாணத்துல போட்டு, டையை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாத்தான் அது எங்கே தொங்கிக்கிட்டு இருக்குன்னு தெரியும். பத்து நிமிஷ வேலை. அன்னிக்கு வரைபடம் கொடுக்கறதுக்கு முன்னாடி நான் அதைச் செய்யலை.

9 ஜூன், மதியம் 12:40

"அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு ஓஷாவோட விதியில நாலு மடங்கு இருக்கே, ஒரு டை போனா என்ன?"ன்னு கேட்டிருக்கீங்க. ஆமா, சொந்த எடையோட, ஏத்தப்போற அதிகபட்சச் சுமையில குறைஞ்சது நாலு மடங்கைச் சாரம் தாங்கணும்னு விதி. ஒரு டையைக் கழட்டினா வளையுற நீளம் ரெண்டு மடங்கு. ரெண்டோட வர்க்கம் எவ்வளவு?

அந்த நாலு மடங்கு முழுசும் ஒரு கொத்தனாரோட சட்டிக்குள்ள கிடக்கும்.

9 ஜூன், இரவு 10:10

கொஞ்சம் சிரிக்கவும் செய்யலாம். நான் வேலை பழகின இடத்துல சாரம் கட்டுற மேஸ்திரி ஒருத்தர் இருந்தார். சாரம் கட்டி முடிஞ்சதும் நடுக்காலை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பேய் பிடிச்ச மாதிரி ஆட்டுவார். ஆடினா இன்னும் ரெண்டு கட்டு போடச் சொல்வார், ஆடலைன்னா பீடி பத்த வச்சுடுவார். அதுதான் அவரோட அறிக்கை. "அண்ணே, பக்ளிங்னா என்னன்னு தெரியுமா? ஆட்டிப் பார்த்தா சுமை தெரியுமா?"ன்னு கேட்டுச் சிரிச்சிருக்கேன். கல்லூரி முடிச்ச புதுசு, வாய் அதிகம்.

10 ஜூன், காலை 8:00

நேரியல் பக்ளிங் மட்டும் எடுத்துட்டு நிறுத்தாதீங்க. 4 மீட்டர் நீளம், எல்லை 15. 8ஐ 1.5ஆல பெருக்கினா 12. 12க்கும் 15க்கும் இடைவெளி இருக்கேன்னு தோணும். ஆனா இருக்கிற வளைவு அந்தச் சுமையில எத்தனை மடங்காகும்னு பார்க்கணும்: ஒண்ணைக் கழித்தல் 12/15, அதாவது 0.2, அதோட தலைகீழி 5. கால்ல 20 மி.மீ. வளைவு இருந்துச்சுன்னா 100 மி.மீ. ஆகும். 12 கிலோநியூட்டன் 0.1 மீட்டர் தள்ளி நின்னா 1.2 கிலோநியூட்டன்-மீட்டர். நேரா அமுக்குற சுமை இல்லாமலே இந்தப் பைப் மீளும் நிலையில தாங்குறது 1.13.

20 மி.மீ. வளைவு உங்க பைப் அடுக்குல இருக்கா? நூல் பிடிச்சுப் பாருங்க. என் அடுக்குல இருந்துச்சு.

11 ஜூன், இரவு 11:45

9ஆம் தேதி எழுதினதுல மேஸ்திரியைக் கேலி பண்ணினதை வாபஸ் வாங்குறேன். முழுசா.

இன்னிக்கு 6ஆம் தேதி கணக்கைத் திரும்பப் போட்டுட்டு இருந்தப்போதான் விழுந்துச்சு. 6.2 எப்படி வந்துச்சு? கிளாம்ப் சேர்க்கையோட திருப்ப விறைப்பு, லெட்ஜரும் வளையறதைச் சேர்த்து, 13.6. அதை 2 மீட்டர் லிஃப்ட்டால வகுத்தா 6.8. கால் தானும் கொஞ்சம் வளையறதால 6.2. சரி, இப்போ சுமையே வேண்டாம். சும்மா பக்கவாட்டுல தள்ளுறேன். ஒரு லிஃப்ட் நூத்துல ஒரு பங்கு சாயணும், அதாவது 2 மீட்டருக்கு 20 மி.மீ. எவ்வளவு விசை வேணும்? அதே 6.2ல நூத்துல ஒரு பங்கு. 62 நியூட்டன். ஒரு காலுக்கு ஆறு கிலோ.

ரெண்டும் ஒரே எண். சாரம் சாஞ்சு விழுற எல்லைச் சுமையும், அதைப் பக்கவாட்டுல தள்ள வேண்டிய விசையும் ஒரே விறைப்போட ரெண்டு முகம். 12 கால் உள்ள சின்னச் சாரம்னா 75 கிலோ விசை, ரெண்டு பேர் சேர்ந்து ஆட்டினா கண்ணுக்குத் தெரியும். ஒரு மூலைவிட்டக் கட்டு போட்டுட்டா எத்தனை பேர் தொங்கினாலும் அந்த அளவுக்கு நகராது. மேஸ்திரி கையால பக்ளிங் சோதனை பண்ணிட்டு இருந்திருக்கார். நான் பக்கத்துல நின்னு சிரிச்சிருக்கேன்.

12 ஜூன், காலை 6:50

ஒரு திருத்தம், இல்லைன்னா தப்பா எடுத்துப்பீங்க. 75 கிலோங்கறது ஒரு லிஃப்ட் மட்டும் சாய்றதுக்கு. அடியில ஒரு லிஃப்ட்ல கட்டு விட்டுப்போயிருந்தா மேல ஒன்பதும் விறைப்பா நிக்கும், அடி மட்டும் கீல் மாதிரி ஆடும். அதனால ஒவ்வொரு லிஃப்ட்டா ஆட்டணும். மேஸ்திரி நடுக்காலைத் தரையில நின்னுதான் ஆட்டுவார், அடி லிஃப்ட். சுமை அதிகம் வர்றதும் அங்கேதான். சும்மா பழக்கமா, தெரிஞ்சே செஞ்சாரான்னு இப்போ கேட்க முடியலை.

இன்னொண்ணு, ஆட்டிப் பார்க்கிறது ஆள் ஏறறதுக்கு முன்னாடி. செங்கல் ஏத்தின சாரத்துல இதைச் செஞ்சு பார்க்காதீங்க.

12 ஜூன், மதியம் 2:30

ஜாக்கி. மறந்தே போச்சு. காலுக்கு அடியில உயரத்தைச் சரிபண்ணத் திருகுற பேஸ் ஜாக்கியை எவ்வளவு உயரம் தூக்குறோமோ அவ்வளவு நீளம் கட்டில்லாத கம்பி. மாடல்ல அது கிடையாது, ஏன்னா எல்லாரும் காலைத் தரையில முளைச்ச மாதிரி வரையறாங்க.

13 ஜூன், இரவு 9:00

பைப்பையே பார்த்துக்கிட்டு இருந்தா மாட்டிக்குவோம்னு சொல்ல 1978 ஏப்ரல் 27 போதும். அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா, வில்லோ ஐலண்ட். மின்நிலையத்தோட குளிர்விப்புக் கோபுரம் கட்டிட்டு இருந்தாங்க. சாரம் தரையிலேருந்து எழும்பலை, கோபுரத்தோட கான்கிரீட்டுலயே போல்ட் போட்டுத் தொங்குது. கோபுரம் வளர வளர சாரமும் மேல ஏறும். முந்தின நாள் ஊத்தின கான்கிரீட்டுல அன்னிக்குச் சுமை ஏறுச்சு. கான்கிரீட் இன்னும் போதுமான அளவு இறுகலை. மேல் விளிம்பு பிய்ஞ்சு, சாரம் வளையமா உரிஞ்சு விழுந்துச்சு. 51 பேர் செத்தாங்க.

அந்தச் சாரத்துல எந்தப் பைப்போட கணக்கை எத்தனை தடவை போட்டாலும் விடை கிடைச்சிருக்காது. விடை ஒரு நாள் வயசான கான்கிரீட்டுல இருந்துச்சு. நம்ம டையும் அப்படித்தான். சுவர்ல மாட்டின நங்கூரம் என்ன சுவர்ல மாட்டியிருக்கு, எப்போ ஊத்தின சுவர்னு மாடல் கேட்கவே கேட்காது. அந்த முனையில ஒரு சின்ன முக்கோணம் வரைஞ்சு "தாங்கி"ன்னு நம்பிடும்.

14 ஜூன், மாலை 5:40

காத்து. தூசு பறக்கக் கூடாதுன்னு சாரத்தை மூடிக் கட்டுறீங்களே, அது கப்பல் பாய் மாதிரி. காத்தழுத்தம் வேகத்தோட வர்க்கத்தை 0.613ஆல பெருக்கினது. நொடிக்கு 20 மீட்டர் வேகம்னா சதுர மீட்டருக்கு 245 நியூட்டன். ஒரு டை பிடிக்கிற பரப்பு 4க்கு 4, அதாவது 16. முழுசா மூடின முகப்புக்கு வடிவக் கெழு 1.3. மொத்தம் 5.1 கிலோநியூட்டன், ஒரே டைக்கு. வேகம் 40 ஆனா 20 கிலோநியூட்டன். ஏ வகுப்புக் குறுக்குக் கிளாம்ப் நழுவுற எல்லை 10, பி வகுப்புக்கு 15. ரெண்டையும் தாண்டிடுச்சு.

மூடாத சாரத்துக்குச் செஞ்ச டை கணக்கை வச்சுக்கிட்டு, நடுவுல யாரோ தார்ப்பாய் கட்டிட்டுப் போனா மாடல் பழசாயிடுச்சுன்னு அர்த்தம். என்கிட்ட யாரும் ஃபோன் பண்ணிச் சொன்னதில்லை.

15 ஜூன், காலை 7:30

துரு. உள்பக்கம் தின்னு கனம் 3.2லேருந்து 2.6 ஆயிட்ட பைப்புக்குப் பரப்பு 18 சதவீதம் குறையும், நிலைமத் திருப்புத்திறன் 16. நான் இதைவிடப் பயங்கரமா எதிர்பார்த்தேன். 60 ஐம்பதாகும், அவ்வளவுதான். டை ஒண்ணு போனா எல்லையே கால் பங்காகுது. துருப்பிடிச்ச பைப்பைப் பார்த்து எல்லாரும் பதறுவாங்க, காணாமப்போன டையை யாரும் பார்க்க மாட்டாங்க. இல்லாததைப் பார்க்கிறது கஷ்டம். துருவுக்கு நான் வக்காலத்து வாங்கலை. உள்பக்கத்துல தின்னுட்டு வெளியே பெயின்ட் அடிச்ச பைப்பும் கைக்கு வந்திருக்கு. சுத்தியலால தட்டினா சத்தம் மட்டமா வரும்.

17 ஜூன், இரவு 8:20

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார். கிளாம்ப்புக்கு வில் போட்டாராம், குறுக்குக் கட்டை எடுத்தாராம், 5.9 வந்துச்சாம். என் 6.2க்கும் அவர் 5.9க்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும். நான் முடிவில்லாம நீளுற சாரத்துக்குக் கையால போட்டேன், அவர் 10 லிஃப்ட்டை முனைகளோட போட்டிருக்கார். அப்புறம் அஞ்சு கண்ணிக்கு ஒரு மூலைவிட்டம் அடியிலேருந்து உச்சி வரைக்கும் போட்டிருக்கார், எண் 50ஐத் தாண்டிடுச்சாம். "ஒரு பைப்புக்கு இவ்வளவா?"ங்கறார்.

அந்த மூலைவிட்டத்தோட கிளாம்ப் எங்கே இருக்கு? கால்-லெட்ஜர் சேர்ற இடத்துலயா, ஒரு சாண் தள்ளியா? மாடல்ல கோடு புள்ளியில போய் சேர்ந்திருக்கும். களத்துல அங்கே ஏற்கெனவே ரெண்டு கிளாம்ப் உக்காந்திருக்கும், மூணாவதுக்கு இடம் இருக்காது. 150 மி.மீ. தள்ளிப் போட்டுப் பாருங்க, 50 எவ்வளவுக்கு இறங்குதுன்னு எழுதுங்க.

18 ஜூன், காலை 6:40

38க்கு இறங்குச்சாம். இன்னும் நிறையவே மிச்சம். மூலைவிட்டத்தைப் பிடிக்கிற சுழல் கிளாம்ப்போட நழுவல் எல்லையை மட்டும் பார்த்துக்கச் சொன்னேன். இன்னிக்கு நேர்லயே போறாராம், டை எண்ண. போனதும் அடி லிஃப்ட்டை ஆட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கேன், பலகை ஏத்தறதுக்கு முன்னாடி.